முதலைக்கு எத்தனை அறை? இதயமும் ரத்த ஓட்டமும் விலங்குகளில் வேலை செய்யும் விதம்

மீனுக்கு இரண்டு, தவளைக்கு மூன்று, பறவைக்கும் பாலூட்டிக்கும் நான்கு. இதய அறைகளைப் பள்ளியில் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஊர்வனவற்றில் முதலைக்கு மட்டும் நான்கு என்பது ஒரு மதிப்பெண் கேள்விக்கென்றே பிறந்த தகவல். அட்டவணையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படித்த நம் மனத்தில் ஒரு தரவரிசை ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் மீன், முதலிடத்தில் நாம், நடுவில் நல்ல ரத்தத்தையும் கெட்ட ரத்தத்தையும் கலந்துவிட்டுத் தடுமாறும் அரைகுறைகள்.

அந்தத் தரவரிசையில்தான் கோளாறு. ஒரு விலங்கு எவ்வளவு ஆக்ஸிஜனை, எந்த உறுப்பிலிருந்து எடுத்து, எவ்வளவு அழுத்தத்தில், எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதற்கு ஏற்றபடி அதன் இதயம் அமைந்திருக்கிறது. தவளையின் தேவை வேறு, நம் தேவை வேறு. நம்முடைய நான்கு அறைகளுக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை மாரடைப்பாகவும் நுரையீரலில் கோக்கும் நீராகவும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலில், ரத்தமே எதற்கு? உடம்பு மெல்லியதாக இருந்தால் ரத்தம் இல்லாமலே தாராளமாக வாழலாம். கடலில் மிதக்கும் சொறி மீனுக்கு இதயம் கிடையாது, ரத்தமும் கிடையாது. தட்டைப்புழுவுக்கும் அப்படியே. சுற்றியிருக்கும் நீரிலிருந்து ஆக்ஸிஜன் தானாகவே உள்ளே விரவிவிடுகிறது. இந்த விரவலில் ஒரு சிக்கல் உண்டு: கொஞ்ச தூரத்துக்கு அது படுவேகம், தூரம் கூடினால் படுமோசம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கடக்க ஆக்ஸிஜனுக்கு நீரில் ஒரு விநாடியில் சிறு துளி நேரம் போதும். முழு ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஒரு மீட்டர் என்றால் எட்டு வருடம்! தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும் என்பதுதான் கணக்கு.

ஆகவே பெரிய உடம்பு வேண்டுமென்றால் ஒரே வழிதான். ஆக்ஸிஜனைச் சுமந்த திரவத்தை ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கடைசித் துளி தூரத்தை மட்டும் விரவலிடம் விட்டுவிடலாம். நம் உடம்பில் பெரும்பாலான செல்களுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் ஏதாவது ஒரு தந்துகி, அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய், ஓடுகிறது. இதயம், வால்வு, ரத்தத்தை இதயத்திலிருந்து கொண்டுபோகும் தமனி, திருப்பிக் கொண்டுவரும் சிரை எல்லாமே அந்த ஏற்பாட்டுக்காகத்தான்.

பூச்சிகள் இதற்கு வேறொரு வழி பிடித்தன. கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடித்தால் சிவப்பாக எதுவும் வருவதில்லை, வெள்ளையாக ஒரு கூழ்தான் வருகிறது. அந்த வெள்ளை பெரும்பாலும் அதன் கொழுப்புத் திசு. ரத்தத்துக்கு நிறமே இல்லை. (கொசுவை அடித்தால் சிவப்பு தெறிக்கிறதே என்றால், அது நம் ரத்தம், அல்லது பக்கத்தில் தூங்கும் ஆளுடையது.) பூச்சியின் உடல் பக்கங்களில் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் காற்று நேராக உள்ளே போய், கிளை கிளையாகப் பிரியும் குழாய்கள் மூலம் தசை வரை சென்றுவிடுகிறது. ஆக்ஸிஜன் சுமக்கும் வேலை ரத்தத்துக்கு இல்லை. ஹீமோகுளோபினும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். முதுகுப்புறம் நீளமாக ஓடும் ஒரு குழாய்தான் இதயம். அது ரத்தத்தைத் தலைப்பக்கம் தள்ளிவிடும். அங்கிருந்து ரத்தம் உடம்பின் உட்குழியில் கொட்டி, உறுப்புகளை நனைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி வரும். தந்துகி என்ற ஒன்றே கிடையாது. திறந்த ரத்த ஓட்டம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். கரப்பானுக்குப் பதின்மூன்று இதயம் என்று சொல்பவர்கள் உண்டு. அது பதின்மூன்று அறைகள் கொண்ட ஒரே குழாய்.

பூச்சிகளிலும் விதிவிலக்கு இருக்கிறது. தேங்கிய நீரில், கழுவாத தொட்டியின் அடியில் நெளியும் சிவப்புப் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தீனியாக வாங்குவதும் உண்டு. கடிக்காத ஒரு வகைச் சிறு ஈயின் புழுப் பருவம் அது. சேற்றில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது. அதனால்தான் சிவப்பு.

திறந்த ரத்த ஓட்டம் என்றதும் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். சிலந்தி செத்தால் கால்கள் எல்லாம் உள்ளே மடங்கிச் சுருண்டுவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. ரத்தத்தை அழுத்தி உள்ளே தள்ளித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், கால் மடங்கிவிடும். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த வண்ணத்துப்பூச்சி கசங்கிய சிறகை விரிப்பதும் இதே ரத்தத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தித்தான்.

நண்டு, இறால், கணவாய் கழுவும்போது, மீன் கழுவினால் வருகிற மாதிரி சிவப்புத் தண்ணீர் வருவதில்லை. அவற்றின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வது இரும்பு அல்ல, செம்பு. ஹீமோசயனின் என்ற அந்தப் புரதம் ஆக்ஸிஜன் ஏறும்போது நீலமாகவும் இறங்கும்போது நிறமற்றும் இருக்கும். கணவாயும் அதன் உறவான எண்காலியும் வேகமாக வேட்டையாடுகிறவை. திறந்த ஓட்டம் அவற்றுக்குப் போதாது. மூடிய குழாய்களும் மூன்று இதயங்களும் அவற்றுக்கு உண்டு. இரண்டு இதயங்கள் செவுளுக்கு ரத்தம் தள்ளும், மூன்றாவது உடம்புக்குத் தள்ளும். எண்காலி நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திக்கொள்வது பதிவாகியிருக்கிறது. பாவம், அது தரையில் ஊர்ந்து போவதையே விரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

மண்புழுவுக்கும் மூடிய ஓட்டம்தான். ரத்தம் சிவப்பு, ஆனால் ஹீமோகுளோபின் செல்லுக்குள் இல்லாமல் திரவத்திலேயே கரைந்திருக்கிறது. சரி, முதுகெலும்பிகளுக்கு வருவோம்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காதவர் யார்? செக்கச் செவேல் என்று இருந்தால் புதுசு, பழுப்பேறியிருந்தால் பழசு. அந்தச் சிவப்பு அத்தனையும் மெல்லிய செவுள் இழைகளுக்குள் நிற்கும் ரத்தம். மீனின் இதயம் செவுளுக்குச் சற்றுப் பின்னால், தொண்டைக்கு அடியில், சின்னதாக ஒரு சிவப்புத் துண்டாக இருக்கும். குடலோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவதால் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு மேலறை, ஒரு கீழறை. பாடப்புத்தக மொழியில் ஒரு ஆரிக்கிள், ஒரு வென்ட்ரிக்கிள். உடம்பிலிருந்து வரும் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் முழுவதையும் இதயம் செவுளுக்குத் தள்ளுகிறது. அங்கே ஆக்ஸிஜன் ஏறியதும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பாமல் அப்படியே உடம்புக்குப் போய்விடுகிறது.

இதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. செவுளின் நுண்ணிய குழாய்களில் நுழைந்து வெளியேறுவதற்குள் இதயம் கொடுத்த அழுத்தத்தில் கணிசமான பங்கு செலவாகிவிடும். மிச்சம் இருக்கிற அழுத்தத்தில்தான் மூளை, குடல், தசை என்று எல்லாவற்றையும் எட்ட வேண்டும். தலைமதகிலேயே தண்ணீரின் வேகம் செத்துவிட்டால் கடைமடைக்கு என்ன போய்ச்சேரும்? நீருக்குள் மிதந்து வாழும், உடல் சூட்டைக் காக்க வேண்டாத விலங்குக்கு அந்த மிச்சமே போதும். சூரை மீன் அதே இரண்டு அறைகளோடு சமுத்திரத்தையே கடக்கிறது.

போதும் என்பதற்கு அண்டார்க்டிகாவில் இன்னும் ஒரு படி மேலான சாட்சி இருக்கிறது. அங்குள்ள பனிமீன் குடும்பத்து மீன்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபினே கிடையாது. ரத்தம் தண்ணீர் மாதிரி இருக்கும். நார்வேயைச் சேர்ந்த யோஹான் ரூட் 1954-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். உறைநிலைக்கு அருகே இருக்கும் நீரில் ஆக்ஸிஜன் அதிகம் கரையும் என்பதால் ரத்தத் திரவத்தில் கரைந்த அளவை வைத்தே அவை காலம் தள்ளுகின்றன. அதற்கு ஈடாகப் பெரிய இதயம், அகலமான நாளங்கள், கூடுதல் ரத்தம். முதுகெலும்புள்ள வேறெந்த விலங்கும் வளர்ந்த பிறகு இப்படி வாழ்வதில்லை.

நிலத்துக்கு வந்து, காற்றைச் சுவாசித்து, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றால் கதை மாறுகிறது. ஆக்ஸிஜன் தேவை பல மடங்கு கூடும். ரத்தத்தை அதிக அழுத்தத்தில் அனுப்ப வேண்டும். ஆனால் அதே அழுத்தத்தை நுரையீரலுக்குள் விட முடியாது. அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தம் கூடினால் ரத்தத்தின் நீர் கசிந்து காற்றறைக்குள் இறங்கிவிடும். இதயத்தின் இடப்பக்கம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்: இடப்பக்கம் தள்ள முடியாமல் ரத்தம் பின்னால் தேங்க, நுரையீரலில் அழுத்தம் ஏறிவிடுகிறது.

உடம்புக்கு உயர் அழுத்தம், நுரையீரலுக்குக் குறைந்த அழுத்தம். இரண்டையும் ஒரே பம்ப் தர முடியாது. நான்கு அறைகளின் காரணம் இதில்தான் இருக்கிறது. நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்ற பேச்சு இதற்கு அப்புறம்தான்.

நம்ப முடியவில்லை என்றால் கறிக்கடையில் ஒரு முழு ஆட்டு இதயம் கேட்டு வாங்கி, நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். கீழறை இரண்டும் தெரியும். இடது அறை வட்டமாக, விரலால் அழுத்தினால் அசையாத தடித்த சுவரோடு இருக்கும். வலது அறை பிறைபோல் வளைந்து, இடதின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் சுவர் இடதில் மூன்றில் ஒரு பங்கு கனம் இருந்தால் அதிகம். வெட்டிய இடத்தில் வெள்ளை நூல்கள் தட்டுப்படும். சுவரிலிருந்து வால்வின் ஓரத்துக்குப் போகும் அந்த நூல்கள் வால்வைத் திறப்பதில்லை. கீழறை சுருங்கும்போது வால்வு மேல் பக்கம் புரண்டுவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற லப்-டப் இரண்டும் வால்வுகள் மூடும் சத்தமே.

நமக்கும் இதே அமைப்புதான். இடது கீழறை பெருந்தமனியில் கொடுக்கும் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். வலது கீழறை நுரையீரலுக்குக் கொடுப்பது 25 சொச்சம். ஆனால் இரண்டும் தள்ளும் அளவு ஒன்றேதான்: ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7000 லிட்டர். வலது பக்கம் துடிப்புக்கு ஒரு மில்லிலிட்டர் அதிகம் தள்ளினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டர் நுரையீரலில் சேரும். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் உடம்பின் மொத்த ரத்தமும் அங்கே போய் நிற்கும். அப்படி ஆகாமல் காப்பது இதயத் தசையின் ஒரு சாதாரணக் குணம்: அதிக ரத்தம் வந்து தசையை இழுத்தால், அடுத்த துடிப்பில் அது அதிக வலுவோடு சுருங்கும். மூளையின் உத்தரவு தேவையில்லை. ஜெர்மானியர் ஓட்டோ ஃபிராங்க், ஆங்கிலேயர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவர் பெயராலும் இந்த விதி அழைக்கப்படுகிறது.

துடிப்பதற்கும் மூளை தேவையில்லை. வலது மேலறையின் சுவரில் இருக்கும் ஒரு சிறு திசுக்கூட்டம் தானாகவே மின்துடிப்பை எழுப்பிக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு விநாடி போல நிறுத்திவைக்கப்படுகிறது, மேலறை காலியாகி முடிக்கட்டும் என்று. நரம்புகள் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான்.

இந்த ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சுமார் 1400 ஆண்டுகள் மருத்துவர்கள் வேறு மாதிரி நம்பினார்கள். உண்ட உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன, வலது அறையிலிருந்து கொஞ்சம் ரத்தம் நடுச்சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இடது அறைக்குப் போகிறது என்பது இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் காலனின் கருத்து. 13-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் மருத்துவம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ், அந்தச் சுவரில் துளையே இல்லை, ரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடப்பக்கம் வருகிறது என்று தெளிவாகவே எழுதினார். அவர் எழுத்து நெடுங்காலம் ஏட்டில் உறங்கியது; 1924-இல்தான் எகிப்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர் பெர்லினில் அதைக் கண்டெடுத்தார்.

முழுச் சுற்றையும் நிரூபித்தவர் இங்கிலாந்து மன்னரின் மருத்துவரான வில்லியம் ஹார்வி. 1628-இல் அவர் வைத்த வாதம் வெறும் பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவை அவர் வேண்டுமென்றே குறைத்தே எடுத்துக்கொண்டார். அப்படியும் அரை மணி நேரத்தில் வெளியேறும் ரத்தம், உடம்பில் இருக்கும் மொத்த ரத்தத்தைத் தாண்டியது. நம் கணக்குப்படி பார்த்தால் மணிக்கு 300 லிட்டர். எவ்வளவு சாப்பிட்டால் அவ்வளவு ரத்தம் ஊறும்? ஆக, போன ரத்தமே திரும்பி வருகிறது.

அவர் செய்துகாட்டிய ஒரு சோதனையை இப்போதே செய்யலாம். கையைத் தொங்கவிட்டால் புறங்கையில் பச்சை நரம்பு என்று நாம் சொல்லும் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரல் பக்கமாக ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி ஒரு முடிச்சைத் தாண்டும் வரை வழித்துவிடுங்கள். இரண்டாவது விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு காலியாகவே கிடக்கும். மேலிருந்து ரத்தம் இறங்காது. முடிச்சாகத் தெரிகிற இடத்தில் வால்வு இருக்கிறது. முதல் விரலை எடுங்கள், கீழிருந்து சட்டென்று நிரம்பிவிடும். சிரையில் ரத்தம் ஒரே திசையில், இதயத்தை நோக்கி மட்டும்தான் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஹார்விக்கு ஒரே ஒரு இடம் இடித்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைப் பார்த்தார். தந்துகியின் அகலம் சிவப்பணுவின் அகலத்துக்குச் சமம், சில இடங்களில் அதைவிடக் குறைவு. சிவப்பணு உடம்பை மடித்துக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழைய வேண்டியிருக்கிறது. பெருந்தமனியில் விநாடிக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் பாயும் ரத்தம் இங்கே அரை மில்லிமீட்டர் வேகத்தில்தான் நகரும். கொடுக்கல் வாங்கலுக்கு அந்த நிதானம் தேவை.

உடம்பின் ரத்த நாளங்களை நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர், பூமியை இரண்டரை முறை சுற்றும் என்று ஒரு தகவல் எல்லா இடத்திலும் உலாவுகிறது. அது டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் போட்ட தோராயக் கணக்கு. 1920-இல் நோபல் பரிசு பெற்றவர்தான். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட மனிதனுக்குத் தசை மட்டும் 50 கிலோ, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000 தந்துகிகள். நம்மில் எத்தனை பேருக்கு 50 கிலோ தசை இருக்கிறது? அந்தத் தகவலைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேட்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அழுத்தம் மிகக் குறைவு. காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை உதவ வேண்டும். நடக்கும்போது அது சிரையைப் பிழிகிறது, வால்வுகள் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும், நீண்ட பயணத்தில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவதும் இந்த உதவி கிடைக்காததால்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறது.

அப்புறம், நான்கு அறைகளுக்காக நாம் கட்டும் அந்த விலை. தவளையின் கீழறைச் சுவர் பஞ்சுபோல் துளைகள் நிறைந்தது. உள்ளே வந்துபோகும் ரத்தமே அந்தத் தசைக்கு ஆக்ஸிஜன் தந்துவிடும். நம் இடது கீழறை அப்படி இருந்தால் 120 அழுத்தம் வராது. இறுகிய, தடித்த தசை வேண்டும். தடித்த சுவருக்குள் ஆக்ஸிஜன் விரவிப் போய்ச் சேராது. பழைய தூரக் கணக்குதான். ஆகவே இதயம் தனக்கென்று தனித் தமனிகள் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதிலும் இரண்டு நெருக்கடிகள். இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் நாளங்களையே நெரித்துவிடுகிறது. அதனால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவில் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் அதற்குப் பெரும்பாலான ரத்தம் கிடைக்கிறது. துடிப்பு வேகமெடுத்தால் சுருங்கிப்போவது அந்த ஓய்வு நேரம். மற்ற உறுப்புகள் சராசரியாக ரத்தத்திலிருக்கும் ஆக்ஸிஜனில் கால் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகின்றன. தேவை கூடினால் இன்னும் எடுக்கலாம். இதயத் தசையோ சும்மா இருக்கும்போதே எழுபது சதவீதம் வரை எடுத்துவிடுகிறது. கூடுதல் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். அந்தக் குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டால்? உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கும்.

நான்கு அறை அமைப்பு ஒரே தடவை உருவாகிப் பரவியது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கோழிக்கும் நான்கு அறை, ஆட்டுக்கும் நான்கு அறை. ஆனால் கோழியின் பெருந்தமனி வலப்புறம் வளைகிறது, ஆட்டினுடையது இடப்புறம். தனித்தனி வம்சங்கள் சூடான உடம்பைத் தேடிப் போய்த் தனித்தனியே ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பறவைகளின் தேவை பாலூட்டிகளைவிடவும் அதிகம். அதே எடையுள்ள பாலூட்டியைவிட அவற்றின் இதயம் பொதுவாகப் பெரியது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து, இமயமலையைத் தாண்டிப் பறக்கும் இனம். காற்று மெலிந்த உயரத்திலும் ஆக்ஸிஜனைக் கவ்விப் பிடிக்கும்படி அதன் ஹீமோகுளோபின் சற்று மாறியிருக்கிறது.

அளவைப் பொறுத்தும் விந்தைகள் உண்டு. இரண்டு கிராம் எடையுள்ள எட்ரஸ்கன் மூஞ்சூறின் இதயம் நிமிடத்துக்கு 1500 தடவை வரை துடிக்கும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் ஒட்டவைத்த கருவி, அது ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்குவதையும், மூச்சுவிட மேலே வந்ததும் முப்பதைத் தாண்டுவதையும் காட்டியது. ஒட்டகச்சிவிங்கிக்குச் சிக்கல் உயரத்தில். தலை இதயத்துக்கு இரண்டு மீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கு ரத்தத்தைத் தூக்கவே சுமார் 150 மில்லிமீட்டர் அழுத்தம் தீர்ந்துவிடும். அதனால் அதன் ரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் இரண்டு மடங்கு. நமக்கு அப்படி இருந்தால் உடனே மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள்; அதற்கு அதுதான் நார்மல். கீழே காலில் நீர் கோக்காமல் இறுக்கமான தோல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது தவளைக்குத் திரும்பலாம். மேலறை இரண்டு, கீழறை ஒன்று, அதனால் ரத்தம் கலந்துவிடும் என்று படித்தோம். முதலில், நாம் நினைக்கிற அளவுக்குக் கலப்பதில்லை. கீழறையின் உள்மடிப்புகளும் வெளியேறும் குழாயில் இருக்கும் திருகு வால்வும் இரண்டு ஓட்டங்களையும் பெருமளவு பிரித்தே அனுப்புகின்றன. இரண்டாவது, தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் ஆக்ஸிஜன் ஏற்றிக்கொண்ட ரத்தம் மற்ற உடல் ரத்தத்தோடு சேர்ந்து வலது மேலறைக்குத்தான் வருகிறது! அப்படியானால் தவளைக்கு எந்தப் பக்கம் நல்ல ரத்தம், எந்தப் பக்கம் கெட்ட ரத்தம்? நடுவில் முழுச்சுவர் எழுப்பினால் அதற்கு லாபம் ஒன்றும் இல்லை. நீரடியில் கிடக்கும்போது பயன்படாத நுரையீரலுக்கு ரத்தம் போவதைக் குறைத்துத் தோலையே நம்பிக்கொள்ளலாம் என்பது ஒற்றைக் கீழறை தரும் வசதி.

முதலை இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நமக்கு இருப்பதுபோல் முழுமையான நான்கு அறைகள். ஆனால் பெருந்தமனி இரண்டு. ஒன்று இடது கீழறையிலிருந்து, மற்றொன்று வலது கீழறையிலிருந்து. இரண்டும் புறப்படும் இடத்தில் ஒரு துளை அவற்றை இணைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூறியலாளர் பானிட்சாவின் பெயர் அதற்கு. கரையில் சாதாரணமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது நம் இதயம்போலவே ஓடும். நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்குப் போகும் வாசலைப் பல் போன்ற தசைமுனைகளால் நெருக்கி, அந்த ரத்தத்தை உடம்புக்கே திருப்பிவிட முடியும். இரை விழுங்கிய பிறகு கரியமில வாயு நிறைந்த ரத்தம் இந்த வழியாக வயிற்றுக்குப் போய் அமிலம் சுரக்க உதவுகிறது என்றும் சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் சதுப்புநில முதலைக்கு, அதே எடையுள்ள பாலூட்டி செலவழிக்கும் சக்தியில் ஒரு சிறு பங்குதான் தேவை. இரண்டு விதமாகவும் ஓட்டத் தெரிந்த இதயம் அதற்குப் பொருத்தம்.

நாமும் கருவில் இருக்கும்போது இப்படி ஒரு மாற்றுவழியில்தான் ஓடினோம். தாயின் வயிற்றில் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவம்தான். அங்கே ரத்தம் அனுப்பிப் பயனில்லை. ஆக்ஸிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. ஆகவே வலது மேலறைக்கும் இடது மேலறைக்கும் நடுவே ஒரு கதவுத் துளை, நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே ஒரு இணைப்புக் குழாய். ரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரலைத் தொடாமலே சுற்றிவிடும். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, அங்கே ரத்தம் பாய்கிறது, இடது மேலறையில் அழுத்தம் ஏறி அந்தக் கதவைத் தள்ளி மூடுகிறது. இணைப்புக் குழாய் ஆக்ஸிஜன் கூடியதை உணர்ந்து முதல் இரண்டு மூன்று நாட்களில் தானே சுருங்கிவிடும்.

கதவு எல்லோருக்கும் முழுமையாக ஒட்டிக்கொள்வதில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஒரு சிறு இடுக்கு மிச்சம் இருக்கிறது, பெரும்பாலோர் அது தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு இணைப்புக் குழாய் மூடாமல் நின்றுவிடுவது வழக்கமான பிரச்சினை. அதை மூட இபுப்ரோஃபென் போன்ற மருந்துகளையே கொடுக்கிறார்கள், நாம் வலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. நேர்மாறான நிலையும் உண்டு. நுரையீரல் தமனி அடைபட்டோ, பெருந்தமனி இடம் மாறியோ பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குழாய் மூடிவிட்டால் உயிருக்கே ஆபத்து. பச்சிளங்குழந்தைப் பிரிவில் அப்போது செய்யும் முதல் காரியம், அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் வரை அந்த வழி திறந்தே இருக்கும்படி புரோஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான்.